சிவப்புப் புள்ளி வைத்த பட்டன்

…முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் சொல்லலாம், இந்தக் காலத்தில் எவன் முகத்தைப் பார்க்கிறான், கையில் இருக்கிற திரையைப் பார்த்தே கேட்கிறார்கள், திரையைப் பார்த்தே தலையை ஆட்டுகிறார்கள், எதிரே ஒரு மனுஷன் வாயைத் திறந்து மூடுவது அவர்களுக்கு மின்விசிறி சுற்றுகிற மாதிரி, சுற்றினால் சுற்றட்டும். இதோ வந்திருக்கிறாளே, இவளும் அதே ரகம். மகளுடைய ஆபீஸிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள், வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரைச் சோதிக்க. நாற்பது வயசுக்கு மேலே இருக்கும், தோளில் பெரிய கறுப்புப் பை, மூக்கு நுனியில் கண்ணாடி. பேர் என்னவோ சொன்னாள், நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை, எனக்கு அவள் சோதனைக்காரி, அவ்வளவுதான். மணி அடித்ததும் எழுந்து போன மகள் உடனே அவளை உள்ளே கூட்டிவரவில்லை, கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே லிஃப்ட் பக்கம் நின்று இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள், என்ன பேசினார்களோ… காது முன்ன மாதிரி இல்லை, "அப்பா" என்று ஒரு வார்த்தை மட்டும் வந்து விழுந்தது. அப்பாவுக்கு என்ன? அப்பாவைப் பற்றிப் பேச வேண்டியதை அப்பாவுக்கு முன்னால் பேசினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா? உள்ளே வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். நான் ஜன்னலோர நாற்காலியில் இருந்து எழுந்திருக்கப் போனேன். "இருக்கட்டும், ஐயாவும் இருக்கட்டும்" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டேதான். அது என்ன இருக்கட்டும்? சாட்சியைச் சொல்கிற மாதிரி. சாட்சியா, இல்லை வேறே ஏதாவதா…

மருந்துப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்களே, பொடி எழுத்தில், யாரும் படிக்காத தாள், அதில் பிழை பார்க்கிற வேலை மகளுக்கு. வீட்டிலிருந்தே பார்க்கலாம், அது ஒரு சௌகரியம். மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது, வெளியூரில் யாரோ நண்பன் அறையில் தங்கி வேலை தேடுகிறார், போன் போட்டால் "பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் மாமா" என்கிறார், பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார், ஆக இந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கம்ப்யூட்டரால்தான். முந்தாநாள் காலையில் வெளியிலிருந்து ஒரு ஃபைல் வந்தது, மகள் திறந்தாள், திறந்த கையோடு உள்ளே குட்டி எழுந்து அழுதான், என் பேரன், பல் முளைக்கிற நேரம், அவள் எழுந்து போனாள். போய்க் கழுவித் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் அத்தனை மாசமாக அவள் திருத்தி வைத்திருந்த எல்லாத் தாளும் காணோம். துடைத்து வழித்த பாத்திரம் மாதிரி. ஆபீஸில் நகல் இருக்கிறதாம், தாள் போனது பெரிசில்லையாம், யார் அழித்தது என்பதுதான் பெரிசாம். வேலைக்கு வைத்திருக்கிற மிஷினை வீட்டு ஆள் யாரும் தொடக்கூடாது, தொட்டால் வேலை இல்லை, அப்படி ஒரு விதி. அந்த ஃபைலே உள்ளே வந்து அழித்தது என்றால் இவள் மேல் குற்றமில்லை. ஒரு கை அழித்தது என்றால் இவளுக்கு வேலையில்லை. அந்த நேரம் இந்த அறையில் இருந்த கை யாருடையது? என்னுடையது. இரண்டு கையும்.

ஃபைல் எப்படி அழிக்கும்? எழுத்துக்குக் கையா இருக்கிறது? நியாயமாகப் பார்த்தால் நான்தான் ஃபைல் மேல் பழியைப் போட்டு மேஜையைத் தட்டிப் பேச வேண்டும், அதுதான் செய்தது, அதேதான் என்று. ஆனால் மனசு ஒப்பவில்லையே. எழுதின தாளை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனால் அது எழுந்து பீரோவைத் திறந்து துணியை வாரி வெளியே போடும் என்று எவனாவது சொன்னால் நான் அவனை எந்தக் கண்ணால் பார்ப்பேன். நாலாம் வகுப்பு படித்தவன்தான், சரி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், சரி, அதற்காகக் காதில் பூச்சுற்றிக்கொண்டு உட்கார முடியுமா… ஆனால் அது பொய் என்றால் அப்புறம் மிச்சம் இருப்பது என்ன? இந்த விரல். வலது கை, ஆள்காட்டி விரல். முழங்கால் மேல் வைத்திருக்கிறேன், சும்மா இருக்கிறது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

ஏனென்றால் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது, அதுதான் விஷயம், அதுதான் நெஞ்சைப் பிடிக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் நேரம் காலம் இல்லாமல் ஒரு பெட்டி வந்து நிற்கும், டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே, இப்போது செய்யட்டுமா, பிறகு செய்யட்டுமா என்று கேட்குமாம், என்ன செய்யப் போகிறது என்று எனக்கும் தெரியாது, அவளும் சொன்னதில்லை. அது அடித்தால் குட்டி எழுந்துவிடுவான். எழுந்தால் போச்சு. அதனால் மகள்தான் நகத்துக்குப் பூசுகிற சிவப்பை எடுத்து மூலையில் இருக்கிற ஒரு பட்டன் மேல் ஒரு புள்ளி வைத்தாள். "அப்பா, நான் உள்ள இருக்கும்போது அது டிங்குனு அடிச்சா இதை மட்டும் ஒரு அமுக்கு அமுக்குங்க, போயிடும். வேற எதையும் தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அன்றிலிருந்து அதுதான் எனக்கு உத்தியோகம். அடிக்கும், எழுவேன், சிவப்பை அமுக்குவேன், உட்காருவேன். என்ன, ஏது என்று கேட்டேனா? இல்லை. மகள் சொன்னாள், செய்தேன். முந்தாநாளும் அடித்தது. அடித்ததா? அடித்தது, அடித்திருக்க வேண்டும், எழுந்தது ஞாபகம் இருக்கிறது, முட்டி வலித்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் முட்டி தினமும்தானே வலிக்கிறது… திரை கறுப்பாக இருந்தது, வெள்ளை எழுத்து, அது திடீரென்று ஓடியது, எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றினால் ஓடுமே அப்படி, வரிசை வரிசையாக, மேலே மேலே. அது நான் அமுக்குவதற்கு முன்னாலா, அமுக்கின பிற்பாடா? இதுதான் கேள்வி. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். முன்னால் என்றால் ஃபைல். பிற்பாடு என்றால் நான். நான் அமுக்கினது சிவப்பைத்தானா, பக்கத்தில் இருந்ததையா, கண்ணாடி போட்டிருந்தேனா, கண்ணாடி அன்றைக்குக் குளியலறையில் சோப்பு வைக்கிற இடத்தில் அல்லவா கிடைத்தது, யார் அங்கே வைத்தது…

மகள் அன்றைக்கே கேட்டாள். குட்டி தோளில், முகம் வெளுத்துப்போய். "அப்பா, சிவப்பை மட்டும்தானே அமுக்கினீங்க?" நான் உடனே, அவள் கேட்டு முடிக்கும் முன்னாலேயே, "நான் எதையும் அமுக்கலை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? யார் சொல்லச் சொன்னது? வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. அப்போதுதான் அண்ணன் ஞாபகம் வந்தது. என் அண்ணன் கடைசி காலத்தில் வீட்டில் இருக்கிற குழாயை எல்லாம் திறந்துவிடுவான். சமையலறை, குளியலறை, பின்பக்கம், ஒன்று பாக்கி இல்லை. அண்ணி வந்து தலையில் அடித்துக்கொண்டு கேட்டால், கை இன்னும் ஈரமாக இருக்கும், ஈரக்கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் திறக்கலைம்மா" என்பான். பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும், ஒரு கிடங்கு வாசலில் காவல் நின்றவன் நான், லாரி லாரியாகப் பொய் பார்த்திருக்கிறேன், அண்ணன் முகத்தில் பொய் கிடையாது. சத்தியமாகத் திறக்கவில்லை என்றுதான் அவன் நம்பினான். கொஞ்சம் கோபம்கூட இருக்கும், என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறாயே என்று. நான் "அமுக்கலை" என்று சொன்னபோது என் முகம் எப்படி இருந்திருக்கும்? மகள் பார்த்தாளே. அவளுக்கும் பெரியப்பாவைத் தெரியும். அந்த ஈரக்கையை அவளும் பார்த்திருக்கிறாள்.

"ஐயா, முந்தாநாள் நீங்க இங்கதான் உக்காந்திருந்தீங்களா?" சோதனைக்காரிதான். ஆமாம் என்றேன். "திரையில ஏதாவது மாறுச்சா, கவனிச்சீங்களா?" எனக்கு எங்கே தெரியும்மா, நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். இதுவும் பொய், பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்குமேல் ஒன்று எப்படிச் சரளமாக வருகிறது. மகள் குட்டியை இடுப்பில் மாற்றிப்போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி. சோதனைக்காரி கண்ணாடியை மேலே தள்ளினாள். "அந்த நேரத்துல எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி ஒரு உத்தரவு ஓடியிருக்கு. ஓடினது பதிவாகியிருக்கு. யார் கொடுத்தாங்கன்னு பதிவாகலை." அதானே, அதைத்தான் எவனும் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. யாரோ கொடுத்தாங்கன்னா யாரும்மா, ஆவியா என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான், பயம் வந்தால் எனக்குக் குரல் ஏறிவிடும், மகளுடைய அம்மா இருந்தபோதே சொல்வாள், நீங்க கத்துறப்பதான் உள்ளுக்குள்ள நடுங்குறீங்கன்னு எனக்குத் தெரியும் என்று. சோதனைக்காரி சிரித்தாள். "ஆவின்னா பரவாயில்லைங்கய்யா, அதுக்கு ரிப்போர்ட் எழுத வேண்டாம்." பரவாயில்லை, பல் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, சிரிக்கவும் தெரிகிறது.

அப்புறம் சொன்னாள். மகளுக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னாளா, எனக்குச் சொல்கிற மாதிரி மகளுக்குச் சொன்னாளா, தெரியவில்லை. எழுத்தைத் திறந்து காட்டுகிற புரோகிராம் ஒன்று இருக்கிறதே, எடிட்டர், அது காட்டுவதற்கும் திருத்துவதற்கும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். ஆனால் ஃபைலின் அடியில் ஒரு வரி எழுதி வைத்தால் அதைத் தனக்குச் சொன்னதாக அது எடுத்துக்கொள்ளுமாம். எழுத்தைப் பெரிசாகக் காட்டு, இவ்வளவு இடம் விட்டுக் காட்டு, இந்த மாதிரிச் சில்லறைச் சங்கதி, வசதிக்காக வைத்தது. "அந்த இடத்துல ஒருத்தன் எல்லாத்தையும் அழின்னு எழுதி வச்சுட்டாங்கய்யா. சில்லறைச் சொல்லை மட்டும்தான் கேக்கணும்னு அதுக்கு ஒரு தடுப்பு இருக்கு. தடுப்புல ஒரு ஓட்டை. அவன் ஓட்டை வழியா விட்டுட்டான்." அப்போ படிக்கக் கொடுத்த தாளையே அது உத்தரவுன்னு நெனச்சுக்கிச்சா என்றேன். "கிட்டத்தட்ட அதுதான். படிச்ச உடனே செஞ்சிடும். கூத்து என்னன்னா, வெளியில இருந்து வர்றதை இந்த எடிட்டர்ல மட்டும்தான் திறக்கணும்னு விதி போட்டதே நாங்கதான். வெறும் எழுத்து யாரையும் என்ன பண்ணும்னு." தலையைச் சொறிந்துகொண்டாள். எனக்குக் கிடங்கு ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. அங்கே எனக்கு அடுத்த முறைக்கு வருகிற காவல்காரன் ஒருத்தன், பேச்சே இல்லாத ஆள், ஊமையன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு லாரிக்காரன் சரக்குச் சீட்டை நீட்டினான், இத்தனை மூட்டை, இத்தனை பெட்டி, அதற்குக் கீழேயே அதே பேனாவில், பின்வாசலைத் திறந்து வைக்கவும் என்று எழுதியிருந்தது. ஊமையன் படித்தான், போய்த் திறந்து வைத்தான். பாதிக் கிடங்கு போயிற்று. சீட்டில் எழுதியிருந்தது, செய்தேன் என்றான், அவன் வாழ்நாளில் பேசின நீளமான பேச்சு அதுதான். மேனேஜர் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சீட்டு சொல்லிச்சாம்டா… எவன் நம்பினான்? நான் நம்பவில்லை, கூட்டுக்களவாணி என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவனை நம்ப வேண்டியிருக்கிறது, அவனை நம்பினால்தான் நான் தப்பிப்பேன். எங்கே இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ.

ஆனாலும் ஊமையனுக்குக் கால் இருந்தது, நடந்து போய்த் திறந்தான், வேண்டுமென்றால் பிடித்து நாலு அறை விடலாம். இங்கே யாரை அறைவது? இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டேன், சோதனைக்காரியின் விரல் அந்த மூலைக்குப் போய் நின்றது. சிவப்புப் புள்ளி மேல். போச்சு. "இது என்ன, சிவப்பா?" என்றாள், நகத்தால் சுரண்டினாள். இதோ கேட்கப் போகிறாள், இதை யாருக்காக வைத்தீர்கள், யார் இங்கே எழுத்துத் தெரியாத ஆள், யாருக்கு அடையாளம் தேவைப்படுகிறது… நான் வாயைத் திறக்கப் போனேன், என்ன சொல்லத் திறந்தேன் என்று கேட்காதீர்கள், அதற்குள் மகள், "அதுவா, இவன் பண்ணின வேலை மேடம். நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துக் கவுத்துட்டான், எல்லாத்தையும் தொடச்சேன், அது ஒண்ணு போகமாட்டேங்குது" என்றாள். குட்டியின் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளினாள். "திருடன். முழிக்கிறதைப் பாருங்க." குட்டி முழித்தான். சோதனைக்காரி "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, போன வாரம் கண்ணாடியைக் கடிச்சிடுச்சு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண் சின்ன வயசில் பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும், அதை வைத்தே கண்டுபிடிப்பேன், வாசலில் லாரிக்காரனைக் கண்டுபிடிக்கிற மாதிரி. காதைப் பார்த்தேன். காது காது மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அந்த வித்தையைக் காட்டினாள். பையிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரை எடுத்து மடிப்பைப் பிரித்து வைத்தாள், அதில் எதுவும் வெளியே போகாது, வெளியிலிருந்து வராது, கட்டிப்போட்ட நாய் மாதிரி என்றாள். அதிலும் அதே எடிட்டர், ஓட்டையோடு. அதற்குள்ளேயே பத்திருபது வெற்றுத் தாளை ஒரு பக்கம் வைத்தாள். "கிட்ட வாங்கய்யா. நல்லாப் பாருங்க. இப்ப அந்த ஃபைலைத் திறக்கிறேன். திறந்தாச்சு. கையை எடுத்துட்டேன்." இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினாள், துப்பாக்கியைக் காட்டினவன் முன்னால் நிற்கிற மாதிரி. திரை சும்மா இருந்தது. ஓடு, ஓடு என்று உள்ளே யாரோ கெஞ்சினார்கள், நான்தான், வேறே யார், ஓடித் தொலையேன். ஓடியது. எறும்பு, அதே எறும்பு, வரிசையாக மேலே மேலே, ஒரு தாள் போச்சு, இன்னொன்று போச்சு, எல்லாம் போச்சு. அவள் கை அந்தரத்தில் இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர். "பாத்தீங்களாப்பா? பாத்தீங்கள்ல? யாரும் தொடலை!" பார்த்தேன் பார்த்தேன் என்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று. வித்தைக்காரன் எல்லோரும்தான் கையைத் தூக்கிக் காட்டுகிறான். வெறுங்கையைக் காட்டாத வித்தைக்காரனை நான் பார்த்ததே இல்லை. யாருக்காக அவள் அப்படித் தூக்கினாள்? மகளுக்கு ஓட்டை என்றாலே புரியும், வாயால் சொன்னாலே போதும். எனக்காகத்தானே. கிட்ட வாங்கய்யா, நல்லாப் பாருங்க என்று. லிஃப்ட் பக்கம் நின்று "அப்பா" என்று பேசியது… அப்பாவுக்கு நேர்ல செஞ்சு காட்டிடுங்க மேடம், ரெண்டு நாளா அவர் சாப்பிடலை, அப்படியா? இல்லை, எப்படியாவது ஃபைல்னு சொல்லிடுங்க மேடம், அவருக்கு வயசாச்சு, அப்படியா?

"ரிப்போர்ட்டுல ஃபைல்னுதான் எழுதப் போறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் சோதனைக்காரி, பையை மூடிக்கொண்டே. மகள் குட்டியை இறுக்கிக்கொண்டாள், அவன் கத்தினான். "ஆனா ஒண்ணு கேக்கணும். இந்த ஓட்டையை எடிட்டர் எழுதினவங்களே எப்பவோ அடைச்சு அனுப்பிட்டாங்க. உங்க மிஷினுக்கும் வந்திருக்கு. தினம் வந்து இப்போதா பிறகான்னு கேட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் பிறகுன்னு சொல்லி அனுப்பியிருக்கு. யாரு?" அப்போ அந்த டிங் டிங் அதுதானா. அடைக்க வந்தவனை நான்தான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேனா, தினம் தினம், முட்டி வலியோடு எழுந்து வந்து? உள்ளே வருவது எதுவானாலும் திறந்து பார்க்காமல் விடமாட்டேன் என்று பேர் வாங்கினவன் நான், வாசல் கேட்டைப் பூட்ட வந்தவனைப் போடா என்றிருக்கிறேன்… "நான்தான் மேடம்" என்றாள் மகள். "வேலை அவசரத்துல. தள்ளிக்கிட்டே போயிட்டேன்." சோதனைக்காரி அவளைப் பார்த்தாள். முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னையும் ஒரு பார்வை. "சரி. திட்டுவாங்க. வாங்கிக்குங்க" என்றாள். நான் மகளுடைய காதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஜன்னல் வெளிச்சம் அதன் மேல்தான் விழுந்தது, ஒரு சிவப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது, பிறந்த குழந்தையின் காது மாதிரி.

இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல எப்போது கற்றுக்கொண்டாள்? எனக்காக ஒன்று சொன்னாள், பாலிஷ் பாட்டில். எனக்காக இரண்டாவது, நான்தான் மேடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு என்றால், பார்க்காதபோது? "உங்களை நான் சந்தேகப்படலப்பா" என்று இன்றைக்குக் காலையில் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாளே, அதுவும் இதே காதோடுதானே சொன்னாள். அண்ணி கடைசியில் எப்படிப் பேசினாள் என்று நினைவு வந்தது, முதலில் எல்லாம் கத்துவாள், அப்புறம் அப்புறம் கத்துவதை விட்டுவிட்டாள், ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டே, "இல்லைங்க, நீங்க திறக்கலை, குழாய்தான் பழசு, அதுவா திறந்துக்குது" என்பாள். அதுவா திறந்துக்குது. அண்ணன் அப்பாடா என்று உட்காருவான்… நான் செருப்பைத் தேடினேன். "எங்கப்பா கிளம்பிட்டீங்க, வெயில்ல?" என்று மகள் குரல் கொடுத்தாள், குரலில் எத்தனை சந்தோஷம், அதையும் நம்புவதா வேண்டாமா. சும்மா, காற்றாட என்றேன். "அதான் கண்ணால பாத்துட்டீங்களே, இன்னும் என்ன? கையே வைக்கலையேப்பா அவங்க!" பார்த்தேன்மா, பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது என்றேன். "நம்பலையா?" அவங்க நல்லாப் படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். வலது கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன், அது அங்கேயே கிடக்கட்டும். லிஃப்ட் முன்னால் நின்று மூச்சு வாங்கினேன், யோசித்துக்கொண்டு நின்றேன், எறும்பு ஓடியது முன்னாலா பின்னாலா என்று, எவ்வளவு நேரம் நின்றேனோ, லிஃப்ட் வந்து நின்று கதவைத் திறந்தது. உள்ளே யாருமில்லை. நான் அமுக்கவில்லையே. கையைப் பார்த்தேன், பைக்கு வெளியே இருந்தது, எப்போது எடுத்தேன்… மேல் மாடியில் யாராவது அமுக்கியிருப்பார்கள், அப்படித்தான் இருக்கும், வேறே எப்படி. கதவு கொஞ்ச நேரம் எனக்காகத் திறந்தபடி நின்றது. நான் ஏறவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு படி வழியாக இறங்கினேன்.